இலங்கைக்குத் தேசீய கீதம் அளித்தவர்

ஒரு தேசத்தின் கொடியை ஏற்றுகின்றபோது ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள்; கீதத்தைப் பாடுகிறார்கள்; பாடி முடிந்ததும் அமர்கிறார்கள். அந்தக் கீதத்தை இயற்றியவர் யார், அவர் எவ்வாறு வாழ்ந்தார், அவருக்குத் தேசம் என்ன கைம்மாறு செய்தது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. நம் நாட்டில் மகாகவி ரவீந்திரநாத தாகூரின் பெயரையேனும் பள்ளிச் சிறுவர்கள் அறிவார்கள். ஆனால், தனுஷ்கோடியிலிருந்து இருபது மைலுக்கும் குறைந்த தூரத்திலுள்ள இலங்கைத் தீவின் தேசீய கீதத்தை இயற்றியவர் யார் என்று கேட்டால், நம்மவரில் நூற்றுக்கு ஒருவரேனும் விடை சொல்வாரா என்பது சந்தேகமே. அந்தக் கவிஞருடைய சரித்திரம் தேசாபிமானிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஒரு தேசம் தன் கவிஞனை எவ்வாறு நடத்தக்கூடாது என்பதற்கு அது நம் கண்முன் நிற்கும் உதாரணம்.

அவர் பெயர் ஆனந்த சமரகோன். 1911-ம் வருஷம் ஜனவரி மாதம் 13-ந் தேதி, கொழும்புக்குக் கிழக்கேயுள்ள பாதுக்கை என்னும் ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோர்ஜ் வில்பிரட் என்பது. கோட்டையிலிருந்த கிறிஸ்தவக் கலாசாலையில் கல்வி பயின்றார். சங்கீதத்திலும் சித்திரத்திலும் இயற்கையாகவே அவருக்கு நாட்டம் மிகுதி. அக்காலத்து இலங்கையில் ஆங்கில நடையுடை பாவனைகளே பெருமைக்குரியவையாக எண்ணப்பட்டு வந்தன. சிங்கள மொழியில் பாடுகிறவர்களும் ஹிந்துஸ்தானி இசைத்தட்டுகளின் மெட்டுக்களை எடுத்து, அவற்றுக்குத் தக்கபடி சொற்களை நிரப்பிப் பாடிவந்தனர். சொந்த மொழி, சொந்த மெட்டு, சொந்த உணர்ச்சி என்னும் மூன்றும் ஒன்று கூடிய சங்கீதம் அங்கே இன்னும் பிறக்கவில்லை.

அத்தகைய காலத்தில், 1936-ம் வருஷம், சமரகோன் வங்காளத்துக்குப் புறப்பட்டுச் சென்று சாந்திநிகேதனத்தை அடைந்தார். தாகூர் இலங்கைக்குப் புதியவர் அல்லர். 1922, 1928, 1934 ஆகிய வருஷங்களில் அவர் அத்தீவுக்குச் சென்றிருந்தார். 1934-ம் வருஷத்து விஜயத்தின்போது, ஹொரணையில் சாந்திநிகேதனத்தை மாதிரியாகக் கொண்ட ஸ்ரீ பாளி கலாசாலைக்கு அஸ்திவாரக் கல்லும் நாட்டினார். ஆகவே இலங்கை வாலிபர்கள் பலருடைய மனம் அந்த ஆசிரமத்தின் மீது சென்றதில் வியப்பில்லை. சமரகோன் அங்கே நந்தலால் போஸ் அவர்களிடம் சித்திரமும், சாந்திதேவ் கோஷ் அவர்களிடம் சங்கீதமும் பயின்றார். சுமார் ஆறு மாத காலமே தங்கினார். ஆனால் அந்த ஆறு மாதங்கள் அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டன. ஊர் திரும்பியவர் ஜோர்ஜ் வில்பிரட் என்ற பெயரை நீக்கி, ஆனந்தர் என்று தம்மை அழைத்துக்கொண்டார். பௌத்த மதத்தையும் தழுவினார். மதமும் பெயரும் மாறியது அவருடைய சொந்த விஷயம். ஆனால் தன் நாட்டு மண்ணிலே வேர் ஊன்றி நிற்கவேண்டும் என்ற துடிப்பே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது என்பது அவருடைய பாட்டுக்களைக் கவனிப்பவர்களுக்கு விளங்கும். கிராமத்து ஜனங்களின் பாடல் மரபைக் கைக்கொண்டு, இரவல் மெட்டுக்களை விடுத்து, எளிய சிங்களத்தில் அவர் பாட்டுக்கள் புனைந்தார். இன்றைய சிங்கள மெல்லிசைக்கு அவரை ஒரு தந்தையாகவே அந்நாட்டார் போற்றுகின்றனர்.

காலி நகரிலுள்ள மகிந்த கலாசாலை, தியாஸபிகல் சங்கத்தாரின் பௌத்தக் கல்வி முயற்சியால் 1892-ல் ஏற்பட்ட ஸ்தாபனம். அங்கே அவர் 1938 முதல் 1942 வரை ஆசிரியராயிருந்தார். 1940-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், தம் மாணவர்களின் உள்ளத்தில் தேசபக்தியை எழுப்பும் பொருட்டு, அவர் ஒரு பாட்டை இயற்றி இசையும் அமைத்தார். அதுவே ‘நமோ நமோ மாதா’. அப்பொழுது இலங்கை பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்தது. சுதந்திரம் எப்பொழுது வரும் என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. கொழும்பு மியூசியஸ் கலாசாலை மாணவிகள் அதைப் பொதுமேடையில் பாடினர். பின்னர் ரேடியோ மூலமாகவும் பரவிற்று. அப்பாட்டில் தீவின் வளமும் வனப்பும் பேசப்படுகின்றன. அங்கு வாழ்வோர் யாவரும் ஒரு தாயின் மக்கள் என்ற கருத்தும் பேசப்படுகிறது. எந்த ஒரு ஜாதியையும், எந்த ஒரு மதத்தையும் உயர்த்திச் சொல்லும் சொல் அதில் இல்லை. இதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு இது முக்கியமானது.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தபோது, தேசீய கீதம் ஒன்று தேடி லங்கா காந்தர்வ சபையார் போட்டி நடத்தினார்கள். வந்த பாட்டுக்களில் சமரகோனுடையதும் ஒன்று. ஆனால் பரிசு வேறொரு பாட்டுக்குப் போயிற்று. அதை இயற்றியவரும் இசையமைத்தவரும் பரிசீலனைக் குழுவிலேயே அங்கத்தினராய் இருந்தவர்கள்! ஜனங்கள் அதை ஏற்கவில்லை. 1950-ல் நிதி மந்திரி ஸ்ரீ ஜே. ஆர். ஜயவர்த்தன, ஏற்கெனவே ஜனங்களின் வாயில் வழங்கிவந்த ‘நமோ நமோ மாதா’வையே கீதமாக அங்கீகரிக்கலாம் என்று யோசனை தெரிவித்தார். உள்நாட்டு மந்திரி ஸர் எட்வின் விஜயரத்ன தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. பல பாட்டுக்களையும் கேட்டு ஆராய்ந்த கமிட்டியார் சமரகோனின் பாட்டையே தேர்ந்தெடுத்தனர். சிறு மாறுதல் ஒன்று செய்ய விரும்பியபோது, ஆசிரியரைக் கேட்டு, அவருடைய சம்மதத்தைப் பெற்றே செய்தனர். 1951-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி அது சட்டபூர்வமான தேசீய கீதமாயிற்று.

ஆசிரியரைக் கேட்டுச் செய்தார்கள் என்ற இந்த ஒரு வார்த்தையை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வோமாக. பத்து வருஷங்களுக்குள் இந்த மரியாதை எங்கே போயிற்று என்பதுதான் நம் கேள்வி.

கீதம் பெற்ற கௌரவத்துக்கும் கவிஞர் பட்ட துன்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய ஒரே மகன் ஐந்து வயதுப் பாலகனாயிருக்கையில் 1945-ல் இறந்துபோனான். அந்தச் சோகம் தாங்கமாட்டாமல் அவர் இந்தியாவுக்கு வந்து, சித்திரம் தீட்டுவதிலே மனத்தைச் செலுத்தினார். பல இடங்களில் சித்திரக் காட்சிகளும் நடத்தினார். செல்வம் அவரைத் தேடி வரவில்லை. பாட்டின் பதிப்புரிமையும் அவருடைய கையை விட்டுப் பதிப்பாளரிடம் போயிருந்தது. ஒரு தேசமே எழுந்து நின்று பாடும் பாட்டுக்கு அதன் கர்த்தா சட்டப்படி சொந்தக்காரர் அல்லர் என்ற நிலைமை!

பிறகு சகுனக்காரர்கள் வந்தார்கள். முதல் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயகா 1952-ம் வருஷம் மார்ச் மாதத்தில் குதிரையிலிருந்து விழுந்து காலமானார். 1958-ல் கொடிய இனக் கலகம் நடந்தது. 1959-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பிரதம மந்திரி பண்டாரநாயகா சுடப்பட்டு மாண்டார். இத்தனை துன்பங்களுக்கும் காரணம் யாது என்று சிலர் ஆராய்ந்து, கீதத்தின் தொடக்கச் சொல்லே காரணம் என்று கண்டுபிடித்தார்கள்! ‘நமோ’ என்று தொடங்குவதால் முதற் கணம் அமங்கலமாகிவிட்டதாம். அதனால் நாட்டுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் கேடு விளைகிறதாம். பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. கவிஞர் தம் பாட்டைக் காக்கத் தனியாக நின்று வாதாடினார். பயன் இல்லை. 1961-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அவருடைய ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாமல், சர்க்கார் தொடக்கச் சொற்களை மாற்றி, ‘ஸ்ரீ லங்கா மாதா’ என்று ஆக்கிவிட்டனர்.

தம்முடைய பாட்டின் சிரசைக் கொய்துவிட்டார்கள் என்று அவர் மனம் நொந்தார். 1962-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ந் தேதி, 51-வது வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அந்த முடிவை நாம் போற்றவில்லை. போற்றுவது தர்மமும் அன்று. ஒரு மனிதனுடைய மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பதும் நியாயமாகாது. புத்திரசோகம், வறுமை, தனிமை முதலிய பல பாரங்கள் அவர்மீது இருந்தன. ஆனால், அந்தப் பாரங்களின் மேல் கடைசிக் கல்லைத் தூக்கி வைத்தவர்கள், அவருடைய பாட்டைப் பாடி எழுந்து நின்றவர்களே என்பதை மறைக்கவும் முடியாது.

தமிழராகிய நமக்கு இந்தச் சகுன சாஸ்திரம் புதியது அன்று. நம் பாட்டியல் நூல்களிலே பத்துப் பொருத்தங்கள் கூறப்பட்டுள்ளன. மங்கலச் சொல், அமுத எழுத்து, நஞ்செழுத்து, கணம் என்று பல பாகுபாடுகள் உண்டு. நூலை ‘திரு’ என்றோ ‘உலகம்’ என்றோ தொடங்குவது நம் புலவர் மரபு. மங்கலமான சொல்லை முதலில் வைப்பதிலே ஓர் அழகும் அடக்கமும் இருக்கின்றன. அதை நாம் இகழவில்லை. நந்திக் கலம்பகத்தைப் பற்றிய கர்ண பரம்பரைக் கதையையும் நாம் அறிவோம். அறம் வைத்துப் பாடிய நூல் என்று தெரிந்தும், தமிழின் சுவையை விட மனமின்றி, பல்லவ மன்னன் நந்திவர்மன் அதை முழுவதும் கேட்டு உயிர் துறந்தான் என்பது அக்கதை. அது சரித்திரம் அல்ல, கதைதான். ஆனால் கதையின் உட்பொருள் யாது? பாட்டின் பொருட்டு அரசன் தன் உயிரைப் பெரிதாக எண்ணவில்லை என்பதே. இலங்கையில் நடந்ததோ இதற்கு நேர் விரோதம். அரசாள்வோர் தம் உயிரைக் காக்க வேண்டிப் பாட்டை வெட்டினார்கள். பாடியவர் உயிர் துறந்தார்.

அப்படி வெட்டியதனாலே விளைந்த பலன்தான் என்ன? மங்கலமான ‘ஸ்ரீ’ முன்னால் வந்து நின்ற பிறகு, 1962-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ராணுவ, போலீஸ் உத்தியோகஸ்தர்கள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர். 1971-ல் வாலிபர் கிளர்ச்சி எழுந்து ரத்தம் பெருகிற்று. 1983-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தமிழர் மீது நடத்தப்பட்ட கொடுமைகளை உலகமே அறியும். அதைத் தொடர்ந்து 2009 வரை நடந்த யுத்தத்தில் மாண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! எழுத்திலே இருந்த தோஷம் நீங்கியது உண்மையானால் இவையெல்லாம் ஏன் நேர்ந்தன? 1956-ல் சிங்களம் ஒன்றே ராஜாங்க பாஷை என்று சட்டம் செய்தார்களே, அமங்கலம் அங்கே அல்லவா இருந்தது? ஒரு தாயின் மக்கள் என்று பாட்டிலே பாடிக்கொண்டு, சட்டத்திலே ஒரு பகுதியாரின் மொழிக்கு வாசலை அடைத்தார்களே, அந்த முரண்பாட்டைத் திருத்தாமல் ஒரு சொல்லைத் திருத்தினார்கள். வியாதி ஒரு பக்கம் இருக்க, மருந்து மற்றொரு பக்கம் பூசப்பட்டது.

இனி நியாய சாஸ்திரப்படி இதை ஆராய்வோம். ஒரு பாட்டைப் பொறுத்து இரண்டுவகை உரிமைகள் உண்டு. ஒன்று, அதை அச்சிட்டு விற்கும் உரிமை. இது நிலம், வீடு போலக் கை மாறக்கூடியது. மற்றொன்று, தன் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கர்த்தா தடுக்கும் உரிமை. இது தந்தைக்கும் மகவுக்கும் உள்ள உறவைப் போன்றது. விலைக்கு விற்றாலும் அற்றுப்போகாது. 1928-ம் வருஷம் ரோமாபுரியில் திருத்தப்பட்ட பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் இந்த இரண்டாவது உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவும் இதை வலியுறுத்துகிறது. பதிப்புரிமை சமரகோனுடைய கையில் இல்லாமல் இருக்கலாம். இந்தத் தார்மிக உரிமை அவரிடமே இருந்தது என்று நாம் கருதுகிறோம். உயிரோடிருந்த கர்த்தா வேண்டாம் என்று முறையிடும்போது அதைப் புறக்கணித்தது, சட்டத்தின் எழுத்துக்கு ஒத்திருந்தாலும் தர்மத்துக்கு ஒத்ததாகாது.

அப்படியானால் தேசீய கீதத்தை ஒருபோதும் தொடவே கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. கானடா தேசத்தின் ஆங்கிலக் கீதத்தை 1908-ல் இயற்றியவர் ராபர்ட் ஸ்டான்லி வீர் என்னும் வக்கீல். புதல்வர்களை மாத்திரமே குறிப்பிட்ட ஒரு சொற்றொடரை, புதல்வியரையும் உள்ளடக்கும்படி 2018-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு விவாதித்து மாற்றிற்று. நம் நாட்டிலும் அத்தகைய சம்பவம் உண்டு. பங்கிம் சந்திரரின் ‘வந்தே மாதரம்’ எத்தனையோ தொண்டர்கள் தடியடி பட்டுக்கொண்டே முழங்கிய மந்திரம். அதில் பின்வரும் பகுதிகள் முஸ்லிம் சகோதரர்களின் மனத்துக்கு இசையவில்லை என்று அறிந்தபோது, 1937-ல் காங்கிரஸ் காரியக் கமிட்டி, தாகூரின் அபிப்பிராயத்தையும் கேட்டு, தேசீயக் கூட்டங்களில் முதல் இரண்டு சரணங்களை மட்டும் பாடுவது என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தைப் பற்றி இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் அதன் நோக்கம் இன்னது என்பதில் சந்தேகமில்லை. பாட்டு அதிகம் பேருக்கு உரியதாக வேண்டும் என்பதே அந்நோக்கம். இலங்கையில் 1961-ல் செய்த மாறுதலால் ஒரு மனிதரேனும் புதிதாக அந்தப் பாட்டுக்குள் வந்து சேரவில்லை. அச்சத்தின் பொருட்டு மாற்றுவதற்கும் அன்பின் பொருட்டு மாற்றுவதற்கும் உள்ள பேதம் இதுதான்.

மற்றொரு வழக்கையும் கூறுவோம். ‘ஜன கண மன’வில் வரும் சிந்து என்னும் பெயர், தேசப் பிரிவினைக்குப் பின் பொருந்தாது; அதை நீக்க வேண்டும் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். 2005-ல் நியாயாதிபதிகள் அதைத் தள்ளிவிட்டனர். தேசப்படத்தில் எல்லைக்கோடு மாறினாலும் கவிஞனுடைய சொல்லை அதற்கேற்பச் செதுக்க வேண்டியதில்லை. கீதம் என்பது நில அளவைக் கணக்கு அன்று, பஞ்சாங்கமும் அன்று.

இறுதியாக, தமிழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சமரகோனின் பாட்டை அதே மெட்டுக்கு இசையும்படி தமிழில் ஆக்கித் தந்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. ஒரு சிங்களக் கவிஞர் பாடியதை யாழ்ப்பாணத்துப் பண்டிதர் ஒருவர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டார். இரு மொழியினரும் ஒரே மெட்டில் ஒரே தாயை வணங்க வழி பிறந்தது. 1949-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி சுதந்திர தின விழாவில் கீதம் இரு மொழிகளிலும் ஒலித்தது. பிறகு அந்த விழா மேடையில் தமிழ் ஒலி அடங்கிற்று. 1978-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதியில் தமிழ்க் கீதம் அச்சிடப்பட்டிருக்கிறது. 1987-ல் செய்த 13-வது திருத்தத்தால் தமிழும் ஆட்சி மொழி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இவ்வளவு இருந்தும், 2010-ம் வருஷம் டிசம்பரில் தமிழ்க் கீதத்தை விலக்கும் யோசனை மந்திரி சபையில் எழுந்தது என்ற செய்தி வெளியாகி, பெருங் கண்டனம் கிளம்பிற்று. 2016-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி, கொழும்பு காலிமுகத் திடலில் நடந்த சுதந்திர தின விழாவில், மீண்டும் தமிழிலும் கீதம் பாடப்பட்டது. அறுபத்தேழு வருஷ மௌனத்துக்குப் பின் எழுந்த ஒலி அது! ஆயினும் 2020-ம் வருஷத்து அரசாங்க விழாவில் சிங்களத்தில் மட்டுமே பாடினர். ஆட்சி மாறினால் கீதத்தின் மொழியும் மாறுகிறது என்றால், அதைத் தேசீய கீதம் என்பதா, கட்சிக் கீதம் என்பதா?

ஸ்விட்ஸர்லாந்து நான்கு மொழிகளில் தன் கீதத்தைப் பாடுகிறது, அந்நாடு உடைந்துபோகவில்லை. தென்னாப்பிரிக்கா, வெள்ளையரின் பழைய கீதத்தையும், கறுப்பு ஜனங்களின் விடுதலைப் பாட்டாய் விளங்கிய எனாக் ஸோண்டோங்காவின் பிரார்த்தனையையும் 1997-ல் ஒன்றாக இணைத்து, ஐந்து மொழிகள் கலந்த ஒரே கீதமாக்கிற்று. நேற்றுவரை ஒருவரை ஒருவர் பகைத்து நின்றவர்கள் இன்று ஒரே மூச்சில் அதைப் பாடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு இயன்றது இலங்கைக்கு மட்டும் இயலாது என்று சொல்ல நியாயம் இல்லை.

ஆனந்த சமரகோனுக்கு இரண்டு அநியாயங்கள் இழைக்கப்பட்டன. முதலாவது, அவருடைய சொல்லை மாற்றியது. அதை இனித் திருத்துவது கடினம், அவரும் இல்லை. இரண்டாவது, அவருடைய பொருளைக் கைவிட்டது. ஒரு தாயின் மக்கள் என்று அவர் பாடியதை வாயளவில் வைத்துக்கொண்டு, அந்த மக்களில் ஒரு சாரார் தம் தாய்மொழியிலே பாடுவதை ஒரு வருஷம் அனுமதிப்பதும் மறு வருஷம் தடுப்பதுமாக இருப்பது அந்தக் கவிஞரை மறுபடியும் அவமதிப்பதாகும். இந்த இரண்டாவது அநியாயத்தைத் திருத்த அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டுவதில்லை. பொக்கிஷத்திலிருந்து ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி 4-ந் தேதி, சமரகோனின் பாட்டும் நல்லதம்பியின் பாட்டும் ஒரே மேடையில் ஒலித்தால் போதும். கவிஞருக்கு எழுப்பத்தக்க ஞாபகச் சின்னம் இதைவிட வேறு யாது?

நம் நாட்டுத் தேசபக்தர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கீதத்துக்கு எழுந்து நிற்பது தேசபக்தியின் ஆரம்பமே ஒழிய முடிவு அன்று. பாடிய பொருளின்படி அயலானை நடத்துகிறோமா, பாடித் தந்தவனுக்குரிய மரியாதையைச் செலுத்துகிறோமா என்பதே சோதனை. அந்தச் சோதனையில் தேறாத தேசம், எவ்வளவு மங்கலமான எழுத்தில் தன் கீதத்தைத் தொடங்கினாலும் மங்கலம் பெறப்போவதில்லை.